பாதையில் குடித்தனம்: அப்பலாச்சியன் ட்ரெயிலில் அன்றாடமும் அக்கம்பக்கமும்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஸ்பிரிங்கர் மலை மேல் தொடங்கும் அப்பலாச்சியன் ட்ரெயில், 14 மாநிலங்களைக் கடந்து, மேய்ன் மாநிலத்துக் கட்டாடின் மலை உச்சியில் முடிகிறது. நீளம் சுமார் 3,500 கிலோமீட்டர். முழுப் பாதையையும் ஒரே பயணத்தில் நடப்பவர்களை த்ரூ-ஹைக்கர் என்கிறார்கள். அதற்கு ஐந்து முதல் ஏழு மாதம் ஆகும். கிளம்புகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர்தான் மறுமுனையைத் தொடுகிறார்.

முதுகுப்பை, காலணி, கூடாரம் எல்லாம் சரியாக அமைந்தும் பாதியில் திரும்பியவர்கள் ஏராளம். ஐந்தாறு மாதம் ஓரிடத்தில் இருந்தால் அதற்குப் பெயர் குடித்தனம். இங்கே இடம் தினமும் நகர்கிறது. குடித்தனத்துக்கு உரிய மற்ற எல்லாம் அப்படியே இருக்கிறது. சமைக்க வேண்டும், துவைக்க வேண்டும், பக்கத்தில் படுத்திருப்பவரின் குறட்டையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், உடம்புக்கு முடியாதபோது யாரிடமாவது சொல்ல வேண்டும். இதற்குத் தயாராகாமல் போகிறவருக்கு மலையைவிட மனிதர்களோடு இருப்பதே கடினமாகிவிடும். தயாராகிப் போகிறவருக்கு அந்த மனிதர்களே பெரிய பலம்.

1921இல் பென்டன் மகாய் என்ற வனவியலாளர் ஒரு கட்டடக்கலை இதழில் இந்தப் பாதைக்கான யோசனையை எழுதினார். நகரத்தில் உழைத்துக் களைத்தவர்கள் மலையில் ஒன்றுகூடித் தங்க முகாம்களும் பண்ணைகளும் வேண்டும் என்று அந்தக் கட்டுரை கேட்டது. பின்னர் மைரன் ஏவரி என்ற வழக்கறிஞர் தொண்டர் சங்கங்களைத் திரட்டி வேலையை முன்னின்று நடத்தினார். 1937இல் பாதை முழுமையடைந்தது. பண்ணைகள் வரவில்லை. ஆனால் ஒருவருக்கொருவர் உதவி வாழும் சமூகம் ஒன்று அங்கே உருவாகி, இன்றும் இருக்கிறது. அதற்குள் எப்படிப் பொருந்தி வாழ்வது என்பதே இந்த அத்தியாயம்.

ஒரு நாளின் ஒழுங்கு

வெளிச்சம் வரும் நேரத்தில் எழுந்துவிடுங்கள். காலையில் முதல் இரண்டு மணி நேரம்தான் உடம்பு லேசாக இருக்கும். முந்தின இரவே பொருள்களை எடுத்துவைக்கும் வரிசையில் அடுக்கிவிட்டால், விடியலில் பிளாஸ்டிக் பைகளைக் கசக்கிப் பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்ப வேண்டியிருக்காது.

வழியெங்கும் மரங்களிலும் பாறைகளிலும் 2 அங்குல அகலம், 6 அங்குல உயரத்தில் வெள்ளைப் பட்டை தீட்டியிருப்பார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பட்டை இருந்தால் திருப்பம் வருகிறது, கவனி என்று பொருள். நீலப் பட்டை கிளைவழிக்கு உரியது: தண்ணீருக்கோ, தங்குமிடத்துக்கோ, காட்சிமுனைக்கோ போகும். 400 மீட்டர் நடந்தும் வெள்ளைப் பட்டை கண்ணில் படவில்லை என்றால் மேலே போகாதீர்கள். கடைசியாகப் பட்டையைப் பார்த்த இடத்துக்குத் திரும்புங்கள்.

முதல் இரண்டு வாரம் நாளுக்கு 13 முதல் 16 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டாம். நுரையீரலும் தசையும் சீக்கிரம் பழகிவிடும். மூட்டும் தசைநாரும் மெதுவாகத்தான் பழகும். "இன்னும் தெம்பு இருக்கிறதே" என்று முதல் வாரத்தில் ஓடியவர்கள் மூன்றாம் வாரத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். வர்ஜீனியாவை எட்டும்போது 25, 30 கிலோமீட்டர் தானாக வரும்.

மதியம் எங்கே நின்றாலும் காலணியையும் காலுறையையும் கழற்றிப் பாதத்தைக் காற்றாட விடுங்கள். ஈரமான கூடாரத்தை விரித்து உலர்த்தவும் அதுவே நேரம். கோடையில் பிற்பகல் இடிமழை வழக்கம். மேகம் திரண்டால் திறந்த மலைமுகட்டை விட்டுக் கீழே இறங்குங்கள்.

மாலையில் தங்குமிடம் சேர்ந்ததும் முதலில் தண்ணீர், அடுத்துப் படுக்கை, பிறகு சமையல். இந்த வரிசையை மாற்றினால் இருட்டில் ஓடையைத் தேட நேரும். இரவு ஒன்பது மணியை இங்கே ஹைக்கர் நள்ளிரவு என்பார்கள். அதற்குமேல் பேச்சும் கைபேசிப் பாட்டும் கூடாது. தலைவிளக்கைச் சிவப்பு ஒளிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஷெல்டர்: மூன்று சுவர் வீடு

பாதை நெடுக 250க்கும் மேற்பட்ட ஷெல்டர்கள் உள்ளன. மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு, மேலே கூரை, தரையாக ஒரு மரமேடை. பெரும்பாலானவை இலவசம். முன்பதிவு கிடையாது, முதலில் வந்தவருக்கு முதல் இடம். எட்டுப் பேர் படுக்கும் மேடையில் முன்பின் தெரியாத எட்டுப் பேர் தோளோடு தோள் உரசப் படுப்பார்கள். அங்கே எழுதப்படாத சட்டங்கள் சில உண்டு.

- உங்கள் படுக்கை அகலத்துக்கு மட்டும் இடம் பிடியுங்கள். பின்னால் வரும் நண்பருக்குத் துண்டு போட்டு வைக்காதீர்கள்.
- கொட்டும் மழையில் கடைசியாக ஒருவர் நனைந்து வந்தால் நகர்ந்து இடம் கொடுங்கள். மழை இரவில் "இடமில்லை" என்று சொல்வதை இங்கே யாரும் மதிப்பதில்லை.
- குழுவாக வருகிறவர்கள் கூடாரம் அடிப்பது மரியாதை. ஷெல்டர் இருக்கிறதே என்று நம்பிக் கூடாரமில்லாமல் யாரும் கிளம்பக் கூடாது.
- மேடைக்குள் சமைக்காதீர்கள், புகைக்காதீர்கள். உணவு சிந்தினால் எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும்.
- நாய் இருந்தால் மற்றவர்களிடம் கேளுங்கள். ஒருவர் தயங்கினாலும் நாயோடு கூடாரத்துக்குப் போய்விடுங்கள்.

எலிகள் ஷெல்டரின் நிரந்தரக் குடியிருப்பாளர்கள். முதுகுப்பையின் எல்லா ஜிப்புகளையும் திறந்து வையுங்கள். மூடிய பையை எலி கடித்து நுழையும், திறந்த பையை மோந்துவிட்டுப் போகும். கூரையிலிருந்து தொங்கும் கயிறுகளில் ஒரு தகர டப்பா கவிழ்ந்திருக்கும். கயிற்றில் இறங்கும் எலி அதைத் தாண்ட முடியாது என்பதற்காக யாரோ செய்து வைத்த ஏற்பாடு அது. பையை அதில் மாட்டலாம். உணவை அங்கே தொங்கவிடக் கூடாது.

உணவும் கரடியும்

கருங்கரடி மனிதரைத் தேடி வருவதில்லை. மனிதரின் சாப்பாட்டைத் தேடி வருகிறது. ஒருமுறை ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும், பயம் விட்டுப்போகும், கடைசியில் அதை வனத்துறை கொல்ல வேண்டி வரும். ஆகவே உணவைப் பாதுகாப்பது உங்கள் நலனுக்கு மட்டுமான காரியமில்லை. கரடி திறக்க முடியாத கெட்டியான டப்பாவே சிறந்தது. ஜார்ஜியாவில் ஜராட் கேப் முதல் நீல் கேப் வரையிலான சிறு பகுதியில் மார்ச் 1 முதல் ஜூன் 1 வரை இரவு தங்குகிறவர்களுக்கு அது கட்டாயம். பல ஷெல்டர்களில் இரும்புப் பெட்டியோ கம்பிவடமோ வைத்திருக்கிறார்கள். எதுவும் இல்லாத இடத்தில் உணவுப் பையைத் தரையிலிருந்து 12 அடி உயரத்தில், அடிமரத்திலிருந்து 6 அடி தள்ளித் தொங்கவிடுங்கள். பற்பசை, சோப்பு, உதட்டுக் களிம்பு எல்லாம் அந்தப் பையில்தான் போக வேண்டும்.

நாளுக்கு 4,000 கலோரிக்கு மேல் உடம்பு கேட்கும். மூன்றாம் வாரத்திலிருந்து வரும் அடங்காப் பசியை எல்லாரும் பொதுவாகப் பேசுவார்கள். அந்தப் பேச்சே பாதி நட்பை வளர்க்கும். வேர்க்கடலை வெண்ணெய், டார்ட்டியா, ஓட்ஸ், உடனடி உருளைக்கிழங்கு மசியல், நூடுல்ஸ் ஆகியவை சின்ன ஊர்க் கடைகளிலும் கிடைக்கும். சைவ உணவுக்காரர்கள் பொட்டலத்தின் பின்புறத்தைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். காய்கறிப் படம் போட்ட சோற்றுக் கலவையிலும் கோழிச் சாறு இருக்கும். அமெரிக்காவில் உறவினர்கள் இருந்தால் அவலும் பருப்புப் பொடியும் பெட்டியில் அனுப்பச் சொல்லலாம். அவலுக்கு எரிபொருள் செலவில்லை, எடையும் குறைவு.

கை, தண்ணீர், கழிவு

நோரோவைரஸ் உண்டாக்கும் வாந்திபேதி நோய் ஷெல்டர் ஷெல்டராகத் தாவும். நடைக்காலத்தில் கூட்டத்தைக் கூட்டமாகப் படுக்கவைத்திருக்கிறது. கையில் தேய்க்கும் ஆல்கஹால் களிம்பு இந்த வைரஸைச் சரியாகக் கொல்லாது. எல்லாரும் வைத்திருக்கும் சிறிய நீர்வடிகட்டி பாக்டீரியாவைத் தடுக்கும், வைரஸைத் தடுக்காது. சோப்புப் போட்டு, ஓடையிலிருந்து 60 மீட்டர் தள்ளிக் கை கழுவுவதுதான் வழி. நோய் பரவியிருப்பதாகக் கேள்விப்பட்டால் தண்ணீரைக் கொதிக்கவையுங்கள்.

ஆகவேதான் இங்கே கைகுலுக்குவதற்குப் பதில் முஷ்டியோடு முஷ்டி இடித்துக்கொள்கிறார்கள். யாராவது கடலைப் பொட்டலத்தை நீட்டினால் அதற்குள் கைவிடாதீர்கள். உள்ளங்கையை நீட்டுங்கள், அவர் கொட்டுவார். நீங்கள் கொடுக்கும்போதும் அப்படியே. உங்களுக்கு வாந்திபேதி வந்தால் வெட்கப்படாமல் பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லி, ஷெல்டரை விட்டுத் தனியாகக் கூடாரம் அடியுங்கள். மறைத்தால் பத்துப் பேர் விழுவார்கள்.

ஷெல்டர் அருகே மரக் கழிப்பறை இருக்கும். அதன் உள்ளே ஒரு வாளியில் மரத்தூளோ உலர்ந்த இலைச் சருகோ வைத்திருப்பார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு கைப்பிடி போடுங்கள். கழிவு மக்குவதற்கு அது வேண்டும். குப்பை எதையும் உள்ளே எறியாதீர்கள். தொண்டர் ஒருவர் அதைக் கையால் பொறுக்கி எடுக்க வேண்டியிருக்கும். கழிப்பறை இல்லாத இடத்தில் தண்ணீரிலிருந்தும் பாதையிலிருந்தும் 60 மீட்டர் தள்ளி, 6 முதல் 8 அங்குல ஆழத்தில் குழி தோண்டி மூடுங்கள்.

உண்ணியையும் இங்கேயே சொல்லிவிடலாம். லைம் நோயைப் பரப்பும் உண்ணிகள் வர்ஜீனியாவிலிருந்து வடக்கே மிக அதிகம். உடையில் பெர்மெத்ரின் தெளித்துக்கொள்ளுங்கள். தினமும் இரவில் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், தலைமயிர் எல்லாம் பாருங்கள். முதுகைப் பார்க்க நம்பிக்கையான ஒருவரின் உதவி வேண்டும். தோலில் வட்டத் தடிப்பும் காய்ச்சலும் வந்தால் நடையை நிறுத்தி மருத்துவரிடம் போங்கள்.

பெயரும் பதிவேடும்

பாதையில் பெரும்பாலோர் சொந்தப் பெயரால் அழைத்துக்கொள்வதில்லை. உங்கள் பழக்கத்தையோ, நடந்த ஒரு சம்பவத்தையோ வைத்துக் கூட வந்தவர்கள் ஒரு பாதைப் பெயர் சூட்டுவார்கள். மருத்துவரும் லாரி ஓட்டுநரும் கல்லூரி மாணவியும் ஊரில் இருந்த தராதரத்தைக் கீழே வைத்துவிட்டு, இந்தப் பெயரோடு ஒரே மேடையில் உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிடுகிறார்கள். பெயர் பிடிக்கவில்லை என்றால் மறுக்கலாம். நிறத்தையோ நாட்டையோ உச்சரிப்பையோ வைத்துக் கேலியாகச் சூட்டும் பெயரை மறுத்தே ஆக வேண்டும். சிரித்து மழுப்பாதீர்கள்; "வேண்டாம்" என்று சொன்னால் இங்கே கேட்டுக்கொள்வார்கள். சொந்தப் பெயரோடே முழுப் பாதையும் நடந்தவர்களும் உண்டு.

ஒவ்வொரு ஷெல்டரிலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். வந்த தேதி, பாதைப் பெயர், போகும் திசை, அடுத்து எங்கே தங்கப்போகிறீர்கள் என்பதை எழுதுங்கள். தண்ணீர் வற்றியிருந்தால், குளவிக்கூடு இருந்தால், கரடி வந்திருந்தால் அதையும் எழுதுங்கள். முன்னால் போன நண்பரின் நலமும் பின்னால் வருகிறவருக்குச் செய்தியும் இதில்தான் ஓடுகின்றன. ஆள் காணாமல் போனால் தேடுகிறவர்கள் முதலில் புரட்டுவதும் இந்த நோட்டைத்தான். எங்கே தங்கப்போகிறீர்கள் என்று இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி உடனுக்குடன் போடாதீர்கள். வீட்டாருக்குத் தனியாக அனுப்புங்கள்.

கூட்டாளிகளும் தனிமையும்

முதல் சில வாரங்களில் ஒரே வேகத்தில் நடக்கும் நான்கைந்து பேர் தாமாகச் சேர்வார்கள். ட்ரெயில் குடும்பம் என்று சொல்லிக்கொள்வார்கள். விடுதி அறையைப் பகிர்ந்தால் செலவு குறையும். காய்ச்சலில் கிடந்தால் தண்ணீர் எடுத்து வர ஆள் இருக்கும். ஆனால் குடும்பத்தை விடாமல் பிடித்துக்கொள்வதற்காக வலியோடு நடக்காதீர்கள். அவர்களுடைய வேகத்துக்கு ஓடி எலும்பு விரிசல் கண்டு வீடு திரும்பியவர்கள் உண்டு. "உன் நடையை நீ நட" என்பதே பாதையின் முதல் பாடம். பின்தங்கினால் வேறு நட்பு வரும்; முன்னால் போனவர்களை ஏதாவது ஒரு ஊரில் மறுபடி பார்ப்பீர்கள்.

தனியாக நடக்க விரும்புகிறவரின் விருப்பத்தையும் மதியுங்கள். காதில் பாட்டுக் கருவி மாட்டியிருப்பவரைப் பேச்சுக்கு இழுக்காதீர்கள். பெண் ஒருவர் தனியாகத் தங்குகிறாரா, இரவு எங்கே தங்குவார் என்றெல்லாம் கேட்பது நல்லெண்ணத்தில் கேட்டாலும் அவருக்கு அச்சம் தரும். நீங்கள் தனியாக நடக்கும் பெண்ணாக இருந்து, யாராவது ஒருவர் மனத்துக்குச் சரியாகப் படவில்லை என்றால், "நண்பர்கள் பின்னால் வருகிறார்கள்" என்று சொல்லிவிட்டு நடையைத் தொடருங்கள். அவரைத் தாண்டி அடுத்த ஷெல்டரோ ஊரோ போங்கள். மரியாதைக்காக உட்கார்ந்திருக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை ஸ்பிரிங்கரில் கூட்டம் அதிகம். பாதையைக் கவனித்துக்கொள்ளும் அமைப்பான அப்பலாச்சியன் ட்ரெயில் கன்சர்வன்சி, கிளம்பும் தேதியைப் பதிவு செய்யச் சொல்கிறது. எந்த நாளில் எத்தனை பேர் என்று பார்த்துக் கூட்டம் குறைந்த நாளைத் தேர்ந்தெடுக்கலாம். பாதையின் நடுப்பகுதியில் உள்ள ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஊரிலிருந்து கிளம்பி வடக்கே போய், பிறகு திரும்பி வந்து தெற்குப் பாதியை முடிக்கும் முறைக்கு ஃப்ளிப்-ஃப்ளாப் என்று பெயர். ஷெல்டர்களுக்கும் காட்டுக்கும் சுமை குறையும். தொடக்க நிலமும் சற்றே எளிது.

ஊர் நாள்

பாதை அடிக்கடி சாலைகளைக் கடக்கும். மூன்று முதல் ஆறு நாளுக்கு ஒருமுறை அங்கிருந்து ஊருக்குப் போய்ச் சாமான் வாங்கித் திரும்ப வேண்டும். நடக்காமல் முழுநாளும் ஓய்வெடுப்பதை ஜீரோ என்றும், கொஞ்சமே நடந்து ஓய்வெடுப்பதை நீரோ என்றும் சொல்வார்கள். பணமும் நாளும் கரைவது ஊரில்தான். ஆகவே ஊருக்குள் நுழைவதற்கு முன்பே வேலைகளை வரிசைப்படுத்துங்கள்: குளியல், துவைப்பு, சாமான், கைபேசி மின்னேற்றம், வீட்டுக்குப் பேச்சு, பிறகு சாப்பாடு. பசியோடு கடைக்குள் போனால் தூக்க முடியாத அளவு வாங்கிவிடுவீர்கள் என்பதால் சாப்பாட்டை முதலில் வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

முதல் நிறுத்தம் ஸ்பிரிங்கரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில், நீல் கேப். அங்குள்ள பழைய கல் கட்டடத்தின் ஊடாகவே பாதை போகிறது. அதில் இயங்கும் கடையில் அனுபவமுள்ளவர்கள் உங்கள் பையைக் கொட்டிப் பார்த்து, எதை வீட்டுக்குத் திருப்பி அனுப்பலாம் என்று சொல்வார்கள். வாசலில் நிற்கும் மரத்தில் காலணிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். வட கரோலினாவின் ஹாட் ஸ்பிரிங்ஸிலும் வர்ஜீனியாவின் டமாஸ்கஸிலும் வெள்ளைப் பட்டை ஊரின் நடுத்தெரு வழியே போகும். டமாஸ்கஸில் 1987 முதல் மே மாதத்தில் ட்ரெயில் டேஸ் திருவிழா நடக்கிறது. முன்னால் போனவர்களும் பின்னால் வருகிறவர்களும் பழைய நடையாளர்களும் அங்கே கூடுகிறார்கள். மேற்கு வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் கன்சர்வன்சியின் தலைமையகம் இருக்கிறது. அங்கே உங்களைப் படம் எடுத்து அந்த ஆண்டின் தொகுப்பில் வைப்பார்கள். உண்மையான பாதி வழி இன்னும் வடக்கே பென்சில்வேனியாவில் வருகிறது. அதன் பக்கத்தில் பைன் குரோவ் ஃபர்னஸ் பூங்காக் கடையில் அரை கேலன், அதாவது ஏறத்தாழ 1.9 லிட்டர் ஐஸ்கிரீமை ஒரே உட்காரலில் தின்று முடிப்பது நீண்டநாள் வழக்கம்.

ஹாஸ்டலில் நுழையும்போது காலணியை வெளியே விடுங்கள், பையை அவர்கள் சொல்லும் இடத்தில் வையுங்கள், முதலில் குளியுங்கள். உங்கள் உடம்பின் வாடை உங்களுக்குத் தெரியாமல் போயிருக்கும். உணவகத்திலும் இதை நினைவில் வைத்து, வெளி மேசை இருந்தால் அதில் உட்காருங்கள். பல ஹாஸ்டல்களில் ஹைக்கர் பாக்ஸ் என்றொரு பெட்டி உண்டு. வேண்டாததைப் போடலாம், வேண்டியதை எடுக்கலாம். பெயர் ஒட்டாத பொடிகளையும் பிரித்த பொட்டலங்களையும் போடாதீர்கள். நல்லது எல்லாவற்றையும் ஒருவரே அள்ளிக்கொள்வதும் அழகில்லை.

தபால் அலுவலகத்துக்குப் பெட்டி அனுப்பினால் "ஜெனரல் டெலிவரி" என்று குறிப்பிட்டு, உங்கள் சட்டப்பூர்வமான பெயரையும் வந்து சேரும் உத்தேசத் தேதியையும் எழுதச் சொல்லுங்கள். பாதைப் பெயரில் வந்த பெட்டியைக் கடவுச்சீட்டைக் காட்டி வாங்க முடியாது. சின்ன ஊர்களில் அலுவலகம் சனிக்கிழமை மதியத்தோடு மூடிவிடும். சனி மாலை வந்து சேர்ந்தவர் திங்கள்வரை காத்திருக்க நேரும்.

முன்பின் தெரியாதவர் கொடுப்பது

சாலைக் கடப்பில் ஒரு வண்டி நிற்கும். அடுப்பு மூட்டி யாரோ அப்பம் சுட்டுக்கொண்டிருப்பார்கள். உங்களுக்கும் ஒரு தட்டு வரும். காசு வாங்க மாட்டார்கள். இதற்கு ட்ரெயில் மேஜிக் என்று பெயர், கொடுப்பவர் ட்ரெயில் ஏஞ்சல். இந்த வழக்கத்தின் வேர் ஆழமானது. 1955இல் 67 வயதில் தனியாக முழுப் பாதையையும் நடந்த எம்மா கேட்வுட், பதினொரு பிள்ளைகளைப் பெற்றவர், தானே தைத்த துணிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கூடாரம் இல்லாமல் போனார். பல இரவுகளில் வழியோர வீடுகளின் கதவைத் தட்டினார். திறந்தவர்கள் சோறும் படுக்கையும் கொடுத்தார்கள். பென்சில்வேனியாவின் டெலவேர் வாட்டர் கேப் ஊரில் ஒரு பிரஸ்பிடேரியன் தேவாலயம் 1976இல் நடையாளர்களுக்குத் தங்கிடம் திறந்தது. கட்டணம் கேட்பதில்லை, முடிந்த காணிக்கை போட்டால் போதும்.

வாங்கிக்கொள்வதற்கும் ஒரு பண்பு வேண்டும். நம்மில் பலருக்கு அந்நியரிடம் வாங்கிச் சாப்பிடக் கூச்சம். அதை விடுங்கள், கொடுப்பவர் மனமாரத்தான் கொடுக்கிறார். பெயர் கேளுங்கள், உட்கார்ந்து பேசுங்கள், ஒரு தட்டோடு நிறுத்துங்கள், பின்னால் வருகிறவருக்கு மிச்சம் வையுங்கள், குப்பையைச் சுமந்து செல்ல உதவுங்கள். காணிக்கைப் பெட்டியைக் கண்டால் கட்டாயம் போடுங்கள். பெட்டியில் காசு விழாமல் மூடப்பட்ட தங்கிடங்களின் இழப்பு அடுத்த ஆண்டு நடப்பவருக்குத்தான். ட்ரெயில் மேஜிக் கிடைக்கும் என்று எதிர்பார்த்து உணவைக் குறைத்துக்கொண்டு போகவே கூடாது. ஆளில்லாமல் வழியில் வைத்துப்போன உணவுப் பெட்டிகளைக் கன்சர்வன்சி ஊக்குவிப்பதில்லை, மிருகங்கள் பழகிவிடும்.

விதி மாறும் இடங்கள்

- கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்கா: அனுமதிச் சீட்டு வேண்டும், ஷெல்டரில்தான் தங்க வேண்டும். முன்பதிவு செய்தவர்களால் இடம் நிறைந்தால் த்ரூ-ஹைக்கர் எழுந்து அருகே கூடாரம் அடிக்க வேண்டும். நாய்க்கு அனுமதியில்லை.
- நியூ ஹாம்ப்ஷயரின் வெள்ளை மலைகள்: அப்பலாச்சியன் மவுண்டன் கிளப் நடத்தும் மலை விடுதிகளில் கட்டணம் அதிகம். த்ரூ-ஹைக்கர் ஓரிருவருக்குப் பாத்திரம் கழுவுதல், கூட்டுதல் போன்ற வேலைக்கு ஈடாகத் தரையில் படுக்க இடமும் மிஞ்சிய சாப்பாடும் கிடைக்கலாம். முடிவு அங்குள்ள பணியாளருடையது. இல்லை என்றால் நன்றி சொல்லி நகருங்கள்.
- கென்னபெக் ஆறு, மேய்ன்: இறங்கிக் கடக்காதீர்கள். மேலேயுள்ள அணையில் தண்ணீர் திறந்தால் நொடியில் மட்டம் ஏறும். இலவசப் படகு உண்டு. படகின் உள்ளேயே வெள்ளைப் பட்டை தீட்டியிருக்கும். அதுதான் அங்கே அதிகாரப்பூர்வமான பாதை. ஓடும் நேரத்தை முன்பே பாருங்கள்.
- பாக்ஸ்டர் பூங்கா, கட்டாடின்: தனி அனுமதி அட்டை வேண்டும். அக்டோபர் 15க்குள் முடித்துவிடத் திட்டமிடுங்கள். உச்சியில் மது கூடாது, பெருங்கூட்டம் கூடாது. 2015இல் வேகச் சாதனை முடித்த ஓட்டவீரர் ஒருவர் உச்சியில் ஷாம்பெயின் திறந்ததற்கு வழக்குப் பதிவானது. காட்டை அமைதியாக வைத்திருக்கவே அந்த நிலம் பூங்காவுக்குக் கொடுக்கப்பட்டது.

வழி தவறினால்

2013இல் மேய்னில் மூத்த நடையாளர் ஒருவர் இயற்கைக் கடன் கழிக்கப் பாதையை விட்டு விலகினார். திரும்பி வர வழி தெரியவில்லை. அனுப்பிய குறுஞ்செய்திகள் அலைவரிசை இல்லாததால் போகவில்லை. பல வாரம் தனியாக உயிரோடு இருந்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. இரண்டு ஆண்டுக்குப் பிறகே அவர் உடல் கிடைத்தது. ஆகவே இதைத் தினப் பழக்கமாக்குங்கள்: விலகும்போது முதுகுப்பையைப் பாதையோரம் கண்ணில் படும்படி வையுங்கள். திசைகாட்டியையும் விசிலையும் உடம்போடு வைத்திருங்கள், பையில் வேண்டாம். ஒதுங்கும் இடத்துக்கு நடந்த அடிகளை எண்ணுங்கள். வழி தவறியதாகத் தோன்றினால் அங்கேயே நின்று மூன்று மூன்று முறையாக விசில் ஊதுங்கள். செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி ஒன்றைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கைம்மாறு

1948இல் முழுப் பாதையையும் ஒரே பயணத்தில் நடந்ததாக முதலில் பதிவானவர் ஏர்ல் ஷாஃபர். போரில் நண்பரை இழந்த துயரத்தை நடந்து தீர்க்கக் கிளம்பியவர் அவர். அப்போது பாதையின் பல பகுதிகள் புதர் மண்டி, பட்டை அழிந்து கிடந்தன. இன்று ஒருவர் 3,500 கிலோமீட்டரையும் தேடாமல் நடக்க முடிகிறது என்றால், சுமார் 30 சங்கங்களின் தொண்டர்கள் ஒவ்வொரு ஆண்டும் விழுந்த மரத்தை அறுத்து, மழைநீர் வடிகாலைத் தோண்டி, பட்டையைப் புதுப்பித்து, கழிப்பறையைச் சுத்தம் செய்வதால்தான். பெரும்பாலோர் சம்பளம் வாங்காதவர்கள். பலர் பணி ஓய்வு பெற்றவர்கள். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் தெற்குப் பகுதியில் கணக்கற்ற மரங்களைச் சாய்த்தது. ஹாட் ஸ்பிரிங்ஸ், எர்வின், டமாஸ்கஸ் ஊர்கள் வெள்ளத்தில் பெரும் சேதம் கண்டன. அரிவாளும் ரம்பமுமாக வழியைத் திறந்தவர்களும் இந்தத் தொண்டர்களே.

வழியில் தொண்டர்களைக் கண்டால் நின்று நன்றி சொல்லுங்கள். கையில் நேரமிருந்தால், "ஒரு மணி நேரம் கல் தூக்கவா?" என்று கேளுங்கள். தினமும் நீங்கள் போட்டதல்லாத ஒரு குப்பையாவது எடுத்துப் பையில் வையுங்கள். முறிந்த படியையோ அழிந்த பட்டையையோ கண்டால் இடத்தைக் குறித்து அந்தப் பகுதிச் சங்கத்துக்கு எழுதுங்கள். பல சங்கங்கள் வார இறுதியில் ஒருநாள் வேலைக்கு யார் வந்தாலும் சேர்த்துக்கொள்கின்றன. ஒரு வாரம் தங்கி உழைக்க விரும்பினால் 1983 முதல் இயங்கும் கொன்னராக் ட்ரெயில் க்ரூ போன்ற குழுக்கள் உண்டு. உணவும் கருவியும் பயிற்சியும் அவர்களே தருகிறார்கள்.

பயணத் திட்டத்தில் இதற்கென இரண்டு நாளாவது இப்போதே ஒதுக்குங்கள். கட்டாடின் ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் களைப்பும் விமானச் சீட்டும் முந்திக்கொள்ளும். நடுவழியில் வர்ஜீனியாவிலோ பென்சில்வேனியாவிலோ செய்யுங்கள். மண்ணை வெட்டி ஒரு வடிகால் போட்டவருக்கு அதன் பிறகு வரும் ஒவ்வொரு படியும் யாரோ ஒருவர் வைத்த கல் என்பது கண்ணுக்குத் தெரியும்; மீதிப் பாதையை அவர் வேறு விதமாக நடப்பார்.